ஊசியைத் தூக்குவது யார்? ஃபியட் காமன் ரெயில் இன்ஜெக்டர்: ஒரு நிகழ்வு ஆய்வு

2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மாருதி ஸ்விஃப்ட் டீசல் விற்பனைக்கு வந்தபோது, வாங்கியவர்கள் முதலில் சொன்னது மைலேஜைப் பற்றி அல்ல. "டீசல் வண்டி மாதிரியே இல்லையே" என்பதுதான் பலர் வாயிலும் வந்தது. அந்த 1248 சிசி என்ஜின் சுசூகி வடிவமைத்ததன்று. ஃபியட் 2003இல் கொண்டுவந்த 1.3 மல்டிஜெட் என்ஜின் அது. பின்னர் டாடா இண்டிகா விஸ்டாவிலும் ஃபியட்டின் சொந்தக் கார்களிலும் அதே என்ஜின் ஓடியது. வாகனப் பத்திரிகைகள் அதை "இந்தியாவின் தேசிய என்ஜின்" என்று பாதி விளையாட்டாகவும் பாதி உண்மையாகவும் அழைத்தன.

டர்போவும் பதினாறு வால்வுகளும் விளம்பரத்தில் இடம்பிடித்தன. அந்த என்ஜினைச் சத்தமில்லாமல் ஆக்கிய பொருள் சிலிண்டர் தலைக்குள் செருகப்பட்டிருக்கும் நான்கு இன்ஜெக்டர்கள், அதாவது எரிபொருளைப் பீய்ச்சும் கருவிகள். அவற்றின் வடிவமைப்பு 1980களின் பிற்பகுதியில் இத்தாலியில் தொடங்கி, நடுவே ஜெர்மனிக்குக் கைமாறி, மீண்டும் இத்தாலியில் மெருகேறிய கதையே இந்த ஆய்வு.

தடதடப்பு எங்கிருந்து வருகிறது

டீசல் என்ஜினில் தீப்பொறி இல்லை. அழுத்தத்தால் சூடேறிய காற்றுக்குள் எரிபொருளைப் பீய்ச்சினால் அது தானாகவே பற்றிக்கொள்ளும். ஆனால் பீய்ச்சிய கணமே பற்றுவதில்லை. ஒரு சிறு தாமதம் இருக்கிறது. அந்தத் தாமதத்திற்குள் உள்ளே போய்ச் சேர்ந்த எரிபொருள் அத்தனையும் ஒரே நேரத்தில் எரியும்போது சிலிண்டரின் அழுத்தம் செங்குத்தாக ஏறுகிறது. நம் காதில் விழும் தடதடப்பு அதுதான்.

பழைய கார் என்ஜின்கள் இதைச் சமாளிக்க ஒரு சுற்றுவழியைப் பிடித்திருந்தன. எரிபொருளை நேராகச் சிலிண்டருக்குள் விடாமல், பக்கத்தில் உள்ள சிறு முன்னறையில் பற்றவைத்து, அங்கிருந்து வெளியே தள்ளினார்கள். சத்தம் குறைந்தது, ஆனால் வெப்பம் அறையின் சுவர்களில் வீணாயிற்று. நேரடிப் பாய்ச்சலோடு ஒப்பிட்டால் எரிபொருள் செலவு ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுதல். ஃபியட் 1980களின் பிற்பகுதியில் குரோமா காரில் நேரடிப் பாய்ச்சல் டீசலைத் துணிந்து கொண்டுவந்தது. எரிபொருள் மிச்சமாயிற்று, சத்தம் திரும்பிவிட்டது.

மருந்து என்னவென்று எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. முதலில் ஒரு துளி எரிபொருளை விட வேண்டும். அது பற்றி அறையைச் சூடாக்கிய பிறகு மீதியை விட வேண்டும். அப்போது பின்னால் வருவது தாமதமின்றி, வரவர எரியும். இந்த முன்பாய்ச்சலைச் செய்ய அன்றைய பம்புகளுக்குத்தான் வழியில்லை. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927 முதல் பெருமளவில் தயாரித்த வரிசைப் பம்பும், அதன்பின் வந்த சுழல் பம்புகளும் ஒரே தத்துவத்தில் இயங்கியவை: என்ஜினோடு சுழலும் மேடுள்ள கேம் தள்ளும், உருளை எரிபொருளை அழுத்தும், குழாய் வழியே வரும் அழுத்தம் நாசில் என்னும் பீய்ச்சுமுனையின் சுருள்வில்லை வென்றதும் அதை அடைத்திருக்கும் ஊசி எழும்பும். எப்போது பாய்வது, எவ்வளவு பாய்வது, எந்த அழுத்தத்தில் பாய்வது ஆகிய மூன்றையும் அந்த ஒரே கேம் முடிவு செய்தது. என்ஜின் மெதுவாகச் சுழன்றால் அழுத்தமும் இறங்கிவிடும். முன்பாய்ச்சலுக்கென்று சில அமைப்புகள் முயலப்பட்டாலும், அவற்றை வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்ப மாற்ற இயலவில்லை.

பழைய யோசனை, புதிய கைகள்

எரிபொருளை முன்கூட்டியே அழுத்தி ஒரு பொதுக்குழாயில் தேக்கி வைத்து, வேண்டும்போது திறந்துவிடுவதுதான் காமன் ரெயில்; அந்தப் பொதுக்குழாயே ரெயில். இந்த எண்ணம் ஃபியட்டோடு பிறந்ததன்று. முதல் உலகப்போர்க் காலத்திலேயே பிரிட்டனின் விக்கர்ஸ் நீர்மூழ்கி என்ஜின்களில் அது இருந்தது. அங்கே வால்வுகளைத் திறந்தது எந்திர இணைப்பு. மின்சாரத்தால் திறக்கும் முன்மாதிரியை 1960களில் செய்தவர் சுவிட்சர்லாந்தின் ராபர்ட் ஹூபர். சூரிச் தொழில்நுட்பக் கல்லூரியில் மார்கோ கான்சர் அதை மேலே கொண்டுபோனார். ஜப்பானின் டென்சோ 1995இல் ஹினோ லாரியில் அதைச் சந்தைக்கே கொண்டுவந்துவிட்டது. ஆகவே "கண்டுபிடித்தது ஃபியட்" என்று ஒற்றை வரியில் எழுதுவது சரியாகாது. பயணிகள் காரின் விலைக்கும் அளவுக்கும் வேகத்துக்கும் அதைப் பொருத்திக் காட்டியது ஃபியட் குழுமம்: ஃபியட் ஆய்வு மையம், உதிரிபாக நிறுவனமான மக்னெட்டி மரெல்லி, இத்தாலியின் பாரி நகரில் வேலை நடத்திய ஆய்வு நிறுவனமான எலாசிஸ். பொறியாளர் மாரியோ ரிக்கோவின் பெயர் இந்த இன்ஜெக்டரோடு பிரிக்க முடியாதபடி சேர்ந்திருக்கிறது.

உள்ளே நடப்பது

இன்ஜெக்டர் என்றதும் பலரும் நினைப்பது இதுதான்: மின்சாரம் வருகிறது, காந்தம் ஊசியை இழுக்கிறது, எரிபொருள் பாய்கிறது. பெட்ரோல் போர்ட் இன்ஜெக்டருக்கு இது பொருந்தும். அங்கே அழுத்தம் மூன்று, நான்கு பார்தான் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்). டீசலில் கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை புரியும். ஊசியின் வழிகாட்டிப் பகுதி 4 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 12.6 சதுர மி.மீ. ரெயிலில் 1350 பார் இருந்தால் அதன் மேல் விழும் விசை ஏறத்தாழ 1700 நியூட்டன், அதாவது 170 கிலோ எடையுள்ள பாரம். கட்டைவிரல் பருமனுள்ள உடலுக்குள் அடங்கும் ஒரு மின்காந்தம், ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் அந்தப் பாரத்தை அசைக்க முடியாது.

ஆகவே காந்தத்திடம் அந்த வேலையைக் கொடுக்கவே இல்லை. ஊசியின் தலைக்கு மேலே ஒரு சிறு கட்டுப்பாட்டு அறை உண்டு. ரெயிலிலிருந்து ஒரு நுண்துளை வழியே எரிபொருள் அதற்குள் வருகிறது. இதை நுழைதுளை என்போம். அறையின் கூரையில் இன்னொரு நுண்துளை, வெளித்துளை. அதன் வாயில் ஒரு சிறு குண்டு உட்கார்ந்து அடைத்திருக்கிறது. குண்டு இருக்கும்வரை ஊசியின் மேலும் கீழும் ஒரே அழுத்தம். மேலே பரப்பு அதிகம் என்பதால் ஊசி கீழே அழுந்தி நாசிலை மூடியிருக்கும். காந்தம் குண்டை விடுவித்தால், வெளித்துளை வழியே போவது நுழைதுளை வழியே வருவதைவிட அதிகம். அறையில் அழுத்தம் சரிகிறது. கீழிருந்து முட்டிக்கொண்டிருக்கும் எரிபொருள் ஊசியைத் தானே தூக்கிவிடுகிறது. குண்டு மீண்டும் அமர்ந்தால் அறை நிரம்பி ஊசி இறங்குகிறது.

குண்டு அடைக்கும் வட்டம் 0.6 மி.மீ. என்று எடுத்தால், அதே 1350 பாரில் அதன் மேல் விசை 40 நியூட்டனுக்கும் குறைவு, நான்கு கிலோ பாரம். காந்தத்தின் கைக்கு எட்டுகிற காரியம். தொடக்கத்தில் சுமார் 20 ஆம்பியர் கொடுத்து வெடுக்கென்று இழுத்து, பிறகு 12 ஆம்பியரில் பிடித்து வைத்தால் போதும். எதிரியின் பலத்தையே எதிரிக்கு எதிராகத் திருப்பிய இந்த ஏற்பாடுதான் என் பார்வையில் காமன் ரெயிலின் உண்மையான வெற்றி. ரெயில் குழாய் வெறும் தேக்கம்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஊசி எவ்வளவு வேகமாக எழும் என்பதை இரு துளைகளின் வேறுபாடு தீர்மானிக்கிறது; எவ்வளவு வேகமாக மூடும் என்பதைப் பெரிதும் நுழைதுளை தீர்மானிக்கிறது. இரண்டும் கால் மில்லிமீட்டருக்கு உட்பட்டவை. 0.22 மி.மீ. துளை 0.23 ஆகிவிட்டால் அதன் பரப்பு 9 விழுக்காடு கூடிவிடும். பாய்ச்சல் அளவு அதற்கேற்பக் கெடும். நான்கு சிலிண்டருக்கு நான்கு விதமாகப் பாய்ந்தால் என்ஜின் ஐடிலிங்கிலேயே ஆடும். துளையை மின்பொறியால் குடைந்த பிறகு, சாணைத்தூள் கலந்த திரவத்தை அதன் வழியே ஓடவிட்டு விளிம்பை மழுக்குவார்கள். எப்போது நிறுத்துவது என்பதில்தான் நுட்பம்: துளையின் விட்டத்தை அளப்பதில்லை, அதன் வழியே எவ்வளவு ஓடுகிறது என்பதை அளந்துகொண்டே இருப்பார்கள், குறித்த ஓட்டம் வந்ததும் நிறுத்துவார்கள். நாசிலின் நுனியில் உள்ள துளைகளுக்கும் இதே வைத்தியம். அங்கே உட்புறம் சற்று அகன்று வெளிப்புறம் குறுகும் கூம்புத் துளைகள் பின்னாளில் வழக்கமாயின. நேர்துளையில் எரிபொருள் விளிம்பில் திரும்பும்போது குமிழிகள் தோன்றி ஓட்டத்தைக் குலைக்கும். கூம்பில் அது குறைகிறது.

விற்றது தவறா

ஃபியட் இந்தத் தொழில்நுட்பத்தை 1994இல் பாஷ் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. "பெற்றவள் ஒருத்தி, பெயர் வைத்தவள் ஒருத்தி" என்கிற தொனியில் இத்தாலியப் பத்திரிகைகளில் இன்றும் புலம்பல் கேட்கிறது. எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். மேலே சொன்ன நுண்துளைகளைச் சோதனைக்கூடத்தில் பத்து இன்ஜெக்டருக்குச் சரியாகச் செய்துவிடலாம். ஆண்டுக்கு இலட்சக்கணக்கில், ஒன்றுக்கொன்று வேறுபாடில்லாமல், காருக்குக் கட்டுப்படியாகும் விலையில் செய்வது வேறு தொழில். அந்தத் தொழிலில் பாஷுக்கு எழுபதாண்டு அனுபவம் இருந்தது. நிதி நெருக்கடியில் இருந்த ஃபியட் அதற்கான ஆலையைத் தானே கட்டியிருந்தால் 1997இல் காமன் ரெயில் கார் வந்திருக்குமா என்பது சந்தேகமே. உரிமையை எந்த நிபந்தனையில் கொடுத்தார்கள் என்பதைப் பற்றி வேண்டுமானால் குறை சொல்லலாம்.

1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 ஜேடிடி வந்தது, 1.9 லிட்டரிலும் 2.4 லிட்டரிலும். ரெயில் அழுத்தம் 1350 பார். உடனே மெர்சிடிஸ் சி 220 சிடிஐ பின்தொடர்ந்தது. ஃபோக்ஸ்வாகன் மட்டும் வேறு பாதையில் போனது. பம்பையும் நாசிலையும் ஒன்றாக்கி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒன்று வைத்து, கேமால் அழுத்தி, 2050 பார்வரை எட்டிப் பிடித்தது. அழுத்தத்தின் அளவில் அது வென்றது. சிக்கனத்திலும் அந்த என்ஜின்கள் பெயர் பெற்றன. ஆனால் அழுத்தம் கேமின் மேடு இருக்கும் நேரத்தில் மட்டுமே கிடைத்தது. புகை வடிகட்டியைச் சுத்தம் செய்ய, எரிதல் முடிந்த பின்னும் சிறிது எரிபொருள் விட வேண்டும் என்ற தேவை வந்தபோது அந்த அமைப்பு திணறியது. 2007 முதல் ஃபோக்ஸ்வாகனும் காமன் ரெயிலுக்கு மாறத் தொடங்கியது.

1500 மைக்ரோ வினாடியிலிருந்து 150க்கு

முதல் தலைமுறையில் ஒரு பாய்ச்சலுக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது 1500 மைக்ரோ வினாடி இடைவெளி தேவைப்பட்டது. என்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடும்போது அது கிராங்கின் 18 பாகைச் சுழற்சி. முன்பாய்ச்சல் ஒன்று, முதன்மைப் பாய்ச்சல் ஒன்று, அவ்வளவே. மல்டிஜெட் அந்த இடைவெளியை 150 மைக்ரோ வினாடிக்குக் கொண்டுவந்தது. 2000 சுற்றில் இரண்டு பாகைக்கும் குறைவு. ஒரே சுழற்சியில் ஐந்து முறைவரை பாய்ச்ச முடிந்தது. மிகச் சிறிய பாய்ச்சலின் அளவு 2 கன மி.மீ.யிலிருந்து ஒன்றுக்கும் கீழே இறங்கியது. ஒரு கடுகைவிடச் சின்னது. அதை வினாடிக்குப் பல முறை, ஒவ்வொரு முறையும் அதே அளவில் விட வேண்டும்.

இதில் தடையாக நின்றவை இரண்டு. முதலாவது, அசையும் பாகங்களின் துள்ளல். குண்டை அழுத்தும் தண்டும் காந்தம் இழுக்கும் தட்டும் ஒன்றாக இருந்தால், மூடும்போது முழு எடையும் மோதி எகிறும். குண்டு ஒருமுறை எகிறினால் அடுத்த பாய்ச்சலின் அளவை யாராலும் சொல்ல முடியாது. தட்டையும் தண்டையும் இரு துண்டாக்கியபோது மோதும் எடை குறைந்தது. இரண்டாவது, குழாய்க்குள் எழும் அலை. ஊசி திடீரென மூடியதும் ஓடிவந்த எரிபொருள் முட்டித் திரும்பி, ரெயிலுக்கும் நாசிலுக்கும் இடையே அழுத்த அலையாக ஆடுகிறது. அடுத்த பாய்ச்சல் அலையின் மேட்டில் விழுந்தால் அதிகம் போகும், பள்ளத்தில் விழுந்தால் குறையும். அந்த அலையை அடியோடு அழிக்க முடியாது. அதன் காலத்தைக் கணித்து, திறக்கும் நேரத்தை அதற்கேற்பக் கூட்டிக் குறைக்கும் வேலையைக் கட்டுப்பாட்டுக் கணினி ஏற்றுக்கொண்டது.

இவ்வளவுக்குப் பிறகும் எந்த இரண்டு இன்ஜெக்டரும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அதையும் ஒளிக்காமல் ஏற்றுக்கொண்டதுதான் அழகு. ஆலையில் ஒவ்வொன்றையும் சில அழுத்தங்களில் ஓட்டி அளந்து, அது எவ்வளவு விலகுகிறது என்பதை எழுத்தும் எண்ணும் கலந்த சிறு குறியீடாக்கி அதன் தலையிலேயே பொறித்துவிடுகிறார்கள். பொருத்தும்போது எந்தச் சிலிண்டரில் எந்தக் குறியீடு என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். குறையை உலோகத்தில் திருத்தாமல் கணக்கில் திருத்துகிறார்கள்.

கொடுத்த விலை

ஊசி ஒவ்வொரு முறை எழும்பவும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கொஞ்சம் எரிபொருள் வெளியே போயாக வேண்டும். அது எரிவதற்குப் போவதில்லை. சூடாகித் திரும்பு குழாய் வழியே டாங்கிக்குப் போகிறது. அதை 1350 பாருக்கு ஏற்றிய உழைப்பு வீண். கூடவே ஊசிக்கும் அதன் உறைக்கும் இடையே உள்ள சில மைக்ரான் இடுக்கின் வழியே எந்நேரமும் ஒரு கசிவு.

நாள்பட்ட இன்ஜெக்டரைக் கழற்றி, குண்டின் இருக்கையை நுண்ணோக்கியில் வைத்தால் கெட்டுப்போகும் விதம் கண்ணெதிரே தெரியும். நல்ல இருக்கையில் குண்டு அமரும் வட்டம் மெல்லிய, பளபளப்பான, உடையாத வளையம். கெட்டதில் அந்த வளையத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு முடி போன்ற ஒரு கோடு ஓடும். தண்ணீரோ தூசியோ முதலில் ஒரு கீறலைப் போட்டிருக்கும். அதன் பிறகு ஆயிரம் பார் எரிபொருளே அந்தக் கீறலை வாய்க்காலாக வெட்டிவிடும். குண்டு அமர்ந்திருந்தும் அறை கசிகிறது. காலையில் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், ரெயிலில் தேவையான அழுத்தம் ஏறாது, வண்டி கிளம்பாது. டீசல் பட்டறையில் நான்கு திரும்பு குழாய்களிலும் நான்கு சிறு பாட்டில்களை மாட்டி எது சீக்கிரம் நிரம்புகிறது என்று பார்க்கும் பேக் லீக் சோதனை இதற்காகத்தான். ஆயிரக்கணக்கில் செலவாகும் கருவிகளுக்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனை அது. பல இடங்களில் அதைச் செய்யாமலேயே உயர் அழுத்தப் பம்பைக் கழற்றிவிடுகிறார்கள்.

நாமக்கல், சங்ககிரி லாரிப் பட்டறைகளில் ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் பழைய நாசிலைக் கையாலும் காதாலும் பழகியவர்கள். நாசில் டெஸ்டரில் மாட்டி நெம்புகோலை அழுத்தினால், 200 பார் வாக்கில் ஊசி துடித்துக்கொண்டு ஒலி எழுப்பும். அந்த ஒலி சுத்தமாக வந்தால் நாசில் நல்லது. அழுத்தம் குறைந்திருந்தால் சுருள்வில்லின் மேல் ஒரு மெல்லிய வளையத்தைச் சேர்ப்பார்கள்; ஊசி சரியாக அமராவிட்டால் பேஸ்ட் போட்டுத் தேய்த்து உட்கார வைப்பார்கள். அந்தக் கைத்திறன் இங்கே செல்லாது. குண்டின் இருக்கையைத் தேய்த்தால் அதன் எழுச்சி மாறும். எழுச்சி மாறினால் முன்பாய்ச்சல் அளவு போச்சு. திறமைக் குறைவு என்று அவர்களைச் சொல்வது அநியாயம். அவர்கள் கற்றதைப் பயன்படுத்த வழியில்லாத பொருளை அவர்கள் கையில் கொடுத்திருக்கிறோம்.

குண்டுக்கு விடை

அழுத்தம் 1600, 1800 என்று ஏற ஏற, குண்டின் மேல் விழும் விசையும் ஏறியது. அதை அடக்க வலுவான சுருள்வில், அதை வெல்ல வலுவான காந்தம், இரண்டும் சேர்ந்து எடையும் மோதலும். ஒரு விடை பீசோ: மின்னழுத்தம் கொடுத்தால் நீளும் பீங்கான் அடுக்குகள். சீமென்ஸ் 2000இல் அதைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. வேகம் அபாரம், விலையும் அப்படியே.

ஃபியட் 2009இல் மல்டிஜெட் 2இல் தேர்ந்த விடை எனக்கு அதைவிடப் பிடித்தது. குண்டை எடுத்துவிட்டு, ஒரு தண்டின் மேல் வழுக்கும் உருளை வடிவ அடைப்பை வைத்தார்கள். உயர் அழுத்த எரிபொருள் அதைச் சுற்றிலும் பக்கவாட்டில் மட்டுமே அழுத்தும். மேலே தள்ளும் பரப்பு ஏறத்தாழ இல்லை. அழுத்தம் எவ்வளவு ஏறினாலும் காந்தம் வெல்ல வேண்டிய விசை கூடாது. 1600 பாரில் சிறு சுருள்வில்லும் சிறு காந்தமும் போதுமானதாயின. ஒரு சுழற்சியில் எட்டுப் பாய்ச்சல்வரை செய்யலாம். இரண்டை இடைவெளியே இல்லாமல் ஒட்டிவைத்து, பாய்ச்சல் மெல்லத் தொடங்கி வேகமெடுப்பதுபோல் வடிவமைக்கவும் முடிந்தது. பீசோ வேண்டாம், பழைய செப்புச் சுருளே போதும் என்று காட்டியது அந்த அடைப்பு.

மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டது. பிஎஸ்-6 என்னும் புதிய மாசு விதி கேட்கும் புகைச் சுத்திகரிப்புக் கருவிகளின் செலவைச் சிறிய காரின் விலைக்குள் அடக்க முடியவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் 1.3 என்ஜின்களுக்கு இன்ஜெக்டர் புதுப்பிக்கும் வேலை தொடர்கிறது. வால்வும் நாசிலும் மாற்றிய பிறகு முழுச்சுமை, பகுதிச்சுமை, ஐடிலிங், முன்பாய்ச்சல் என்று நான்கு நிலைகளில் ஓட்டிப் பார்த்த அளவுகளைப் பட்டறை அச்சிட்டுத் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள். பலரும் முழுச்சுமை வரியைப் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது முன்பாய்ச்சல் வரி. மற்ற மூன்றும் சரியாக இருந்து அது மட்டும் வரம்புக்கு வெளியே இருந்தால், வண்டி இழுக்கும், மைலேஜும் கொடுக்கும், சிக்னலில் நிற்கும்போது மட்டும் பழைய டீசல் வண்டியாகத் தட்டிக்கொண்டிருக்கும்.